உடைய மறுத்த பாலம்

எருமை இறங்க மறுத்தது.

வாய்க்காலின் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்தபடி நின்றது. கீழே செங்கல் பாவிய செங்குத்தான சரிவு. அடியில் பாசி படிந்த தண்ணீர். எதிர்க்கரையில் அதன் எஜமானியின் நிலம் களை மண்டிக் கிடந்தது. கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

கயிற்றைப் பிடித்திருந்தவள் பெயர் சர்பதி. முப்பது வயதிருக்கலாம். முகத்தைப் பார்த்தால்தானே சொல்ல முடியும்? மஞ்சள் முக்காட்டை மோவாய் வரை இழுத்துவிட்டிருந்தாள். ஊர்த் தலைவர் ஹுக்கம் சிங் பக்கத்தில் நின்றதுதான் காரணம். அந்தப் பக்கத்து வழக்கப்படி, மருமகளாக வந்தவள் ஊர்ப் பெரியவர்கள் எதிரில் முகம் காட்டக்கூடாது. நேராகப் பேசவும் கூடாது. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் எருமையிடம் சொன்னாள்.

"இறங்காதேடி, இறங்காதே. நீ புத்திசாலி. உன் கால் உடைஞ்சா யாரு கேப்பா? இதை வெட்டினவங்க ஜீப்புல வந்தாங்க, ஜீப்புலயே போயிட்டாங்க. இன்னிக்கு ஒரு பாபு பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. அவரை முதல்ல இறங்கச் சொல்லு. அப்புறம் நீ இறங்கலாம்."

அந்த பாபு நான்தான்.

ஹுக்கம் சிங் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "எருமை ரொம்பப் பிடிவாதம் பாபுஜி" என்றார். எந்த எருமையை என்று அவர் சொல்லவில்லை.

டில்லியில் வயல்

டில்லி என்றால் கோட்டையும் குடியரசு தின அணிவகுப்பும் மட்டுமே என்று நினைக்கும் உறவினர்கள் எனக்கு நிறைய உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில், நகரத்தின் மேற்கு ஓரத்தில் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தையும் தாண்டிக் கோதுமை விளைந்தது. காலிபிளவர் விளைந்தது. அங்கே ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகமும் இருந்தது. தலைமைச் செயலகத்தில் சுகமாகக் கோப்பு தள்ளிக்கொண்டிருந்த என்னை, எந்தப் புண்ணியவானின் யோசனையோ, அங்கே அயல்பணிக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் பதவி. பெயர் கம்பீரமாக இருக்கும். கண்காணிக்க நான்கு எழுத்தர்களும் ஒரு தண்ணீர்ப் பானையும் இருந்தன.

ஆர்.கே.புரம் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போவேன். மாலையில் திரும்பும்போது காலணியில் அப்பியிருக்கும் மண்ணைப் பார்த்துவிட்டு என் மனைவி, "நீங்க ஆபீஸ் போறீங்களா, அண்டை வெட்டப் போறீங்களா?" என்று கேட்பாள். செயலகத்தில் இருந்தவரை என் காலணியில் மண் ஒட்டியதே இல்லை. அந்த வித்தியாசத்தைப் பதவி உயர்வு என்று யாரும் கருதவில்லை.

சுற்றுவழி

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் நகரத்துக்குள் வெள்ளம் வராமல் இருக்க ஒரு துறை பெரிய வடிகால் வாய்க்கால் வெட்டியது. நல்ல காரியம். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டவருக்கு ஊர் ஒரு புள்ளி. வயல் ஒரு வெற்றிடம். கோடு இரண்டுக்கும் நடுவே போய்விட்டது.

மனிதர்கள் இடுப்புத் துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி ஏறிவிடலாம். மாடு இறங்காது. வண்டி இறங்காது. டிராக்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வரும் மேல்பக்கத்தில், மதகு இருக்கும் இடத்தில் ஒரு வழி உண்டு. அதில் சுற்றிப் போனால் பாதிப் பொழுது போய்விடும். கடைசிப் பகுதி களிமண் சேறு, ஏற்றிய வண்டி அச்சு வரை புதையும்.

சர்பதியின் கணவர் ராணுவத்தில் வண்டி ஓட்டுபவர். எங்கோ வடகிழக்கு மலைகளில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான். வாய்க்கால் வந்த வருஷம் கோதுமை போட முடியவில்லை. கணவரின் அண்ணன் ரண்பீருக்கு அது வசதியாகப் போயிற்று. நகரம் வளர்ந்து வருகிறது என்று மோப்பம் பிடித்த நிலத்தரகர்கள் அவரோடுதான் தேநீர் குடித்தார்கள். 'நிலம் தரிசாகக் கிடக்கிறது, கொடுத்துவிடலாம்' என்று அவர் தம்பிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 'இந்தக் குளிர்காலமும் விதைக்க முடியாவிட்டால் விற்றுவிடுவோம்' என்று கடைசியில் தம்பியும் பதில் எழுதிவிட்டார்.

எருமையிடம் அன்று இதையும் சொன்னாள்.

"நிலம் போனா நீயும் போவே. நான் மட்டும் இருந்து யாருக்குச் சாணி அள்றது?"

தேவை ஒரு 'புலியா'; இந்தியில் அப்படி என்றால் சிறு பாலம். குழாய் இரண்டு, மேலே கொஞ்சம் மண்ணும் செங்கல்லும். தீபாவளிக்குப் பிறகு விதைப்பு. நான் எருமையைப் பார்த்தபோது தசராவுக்குப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்கொயரி இல்லாத ஊர்

எங்கள் காலனிக் குழாயைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே அழுதிருக்கிறேன். அரசுக் குடியிருப்புகளில் 'என்கொயரி' என்று ஓர் அறை உண்டு. குழாய் ஒழுகினால் அங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும். என்றைக்காவது ஒருவர் குறடு எடுத்துக்கொண்டு வருவார். திட்டுவதற்காவது ஒரு முகவரி இருந்தது.

ஹுக்கம் சிங்குக்கு அதுவும் இல்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ஒரு துறைக்குச் சொந்தம். கரை மேலே போகும் பாதை இன்னொரு துறைக்கு. ஊர் எங்களுக்கு. 'பிரதான்', அதாவது பஞ்சாயத்துத் தலைவர், என்று அவரிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்ததே தவிர, மண்வெட்டி வாங்கவும் எங்கள் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். எங்கள் வளர்ச்சி அதிகாரி நல்லவர். எந்த மனுவையும் மறுக்க மாட்டார். "அனுப்பி வையுங்கள்" என்பார். எங்கே என்பது என் பொறுப்பு.

வாய்க்கால் துறையில் சண்முகம் என்று ஓர் ஓவர்சியர் இருந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். ஆர்.கே.புரத்தில் எனக்கு இரண்டு பிளாக் தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் படிக்கட்டில் வைத்துப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, சாமி கும்பிடவாவது விடுதியளா?"

"ஒரு புலியாவுக்குத் தடையில்லாச் சான்று வேணும் சண்முகம்."

"அதுக்கு முதல்ல தண்ணி என்ன வேகத்துல ஓடுதுன்னு தலைமை ஆபீஸ்ல கணக்குப் போடணும். கணக்குப் போடுதவரு ரிட்டயர் ஆயிட்டாரு. அந்த எடத்துக்கு இன்னும் ஆளு போடல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். வேற என்னத்த?"

விதிப்படி அவர் சொன்னது அத்தனையும் சரி. புதிய பாலம் என்றால் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, மூன்று துறைகளின் சம்மதம். வேகமாகத் தள்ளினால் மூன்று வருஷம். நான் வேகமாகத் தள்ளுவதில் பெயர் வாங்கியவன்; அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரசாங்கத்தின் வருஷம் மார்ச்சில் முடிகிறது, கோதுமையின் வருஷம் ஐப்பசியில் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே சுவரில் மாட்ட யாரும் நாள்காட்டி அச்சடிக்கவில்லை.

பெரிய அளவில் யோசியுங்கள்

இந்த இடத்தில் ஒரு கருத்தரங்கைச் சொல்லியாக வேண்டும். லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கம். 'கிராம மக்கள் உள்ளாட்சியிடம் எதிர்பார்ப்பது என்ன?' என்று தலைப்பு. சமோசா சூடாக இருந்தது, பேச்சு ஆறியிருந்தது. விவசாயி ஒருவரும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கடைசி நேரத்தில் யாருக்கோ தோன்ற, எங்கள் அலுவலகம் ஹுக்கம் சிங்கை வெள்ளைத் தலைப்பாகையோடு அனுப்பி வைத்தது. துணைக்கு நான்.

தலைமை வகித்த அறிஞர் கனிவாகக் கேட்டார்: "சொல்லுங்கள் சௌத்ரி சாகிப், உங்களுக்கு என்ன தேவை?"

"புலியா."

"அது சரி. அது உள்ளூர்ப் பிரச்சினை. கொஞ்சம் பெரிய அளவில் யோசித்துச் சொல்லுங்கள்."

ஹுக்கம் சிங் உண்மையிலேயே யோசித்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"டிராக்டர் போகிற அளவுக்குப் பெரிய புலியா."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த நாள் முழுவதும் அங்கே பேசப்பட்டதில், யார், எதை, எங்கே செய்ய வேண்டும் என்று தெளிவாக விளங்கிய ஒரே வாக்கியம் அதுதான். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இல்லாததை உடைப்பது

திரும்பி வரும் பேருந்தில் அவருக்கு நடைமுறையை விளக்கினேன். அறிவுரை சொல்லவில்லை. அரசு ஊழியன் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. விளக்கினேன்.

"பிரதான்ஜி, புதுப் பாலம் கட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஏற்கெனவே இருக்கிற பாலம் உடைந்தால் பழுதுபார்க்க அதிகாரம் உண்டு. அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். எங்கள் அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்."

"இல்லாத பாலம் எப்படி உடையும்?"

"அது எனக்குத் தெரியாது. இரண்டு மரத்தைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டினால் அதுவும் பாலம்தான். ஒரு டிராக்டர் ஏறினால் உடைந்துவிடும். உடைந்ததை நானும் ஓவர்சியரும் வந்து பார்ப்போம். 'பழைய பாலம், சேதமடைந்துள்ளது' என்று எழுதுவோம்."

அவர் ஜன்னல் வழியாகக் காறித் துப்பிவிட்டு, "மதராசி பாபு, நீங்க எங்க ஊர்ல பொறந்திருக்கணும்" என்றார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் எழுத்தில் இல்லாதது இது ஒன்றுதான். எழுத்திலும் வேறு இல்லை.

"ஞாபகம் இருக்கட்டும். நன்றாகக் கட்டிவிடாதீர்கள்."

"நல்லாக் கட்டுறதா? சே சே!"

ஊர் மானம்

தீபாவளி கழிந்து சில நாளில் ஆள் வந்தது. 'வேலை முடிந்தது, வந்து பாருங்கள்.' சண்முகத்தைச் சரிக்கட்டி அழைத்துக்கொண்டு போனேன்.

வாய்க்காலின் மேல் ஒரு பாலம் இருந்தது.

ஒப்பந்தக்காரர் எப்போதோ புல்லுக்குள் விட்டுப்போன சிமெண்ட் குழாய்கள் அடியில் வரிசையாகக் கிடந்தன. இரு பக்கமும் கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல்தூளும் குழைத்துப் பூசியிருந்தார்கள். மேலே செங்கல் தளம். அதன்மேல் ஒரு டிராக்டர், விதைக் கருவியை இழுத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போலப் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தின் மட்கார்டில் சர்பதி உட்கார்ந்திருந்தாள், மடியில் விதைச் சாக்கு.

சண்முகம் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அண்ணாச்சி, ஒடஞ்ச பாலத்தப் பாக்கணும்னுல்லா கூட்டிட்டு வந்திய?"

"ஆமாம்."

"இது எங்க ஆபீஸ் கட்டடத்தவிடக் கெட்டியா இருக்கே!"

ஹுக்கம் சிங் தலைகுனிந்து நின்றார். ஏதோ பெரிய தவறு செய்துவிட்ட முகம்.

"மன்னிச்சுடுங்க பாபுஜி. முதல்ல நீங்க சொன்ன மாதிரிதான் ரெண்டு மரத்தைப் போட்டோம். எதிர்ப்பக்கம் அடுத்த ஊர்க்காரனுங்க கரையில உக்காந்து சிரிச்சானுங்க. 'உங்க ஊர்ல ஆம்பளைங்க இதைத்தான் கட்டுவீங்களா?'ன்னு கேட்டானுங்க. பசங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு. வீட்டுக்கு ஒரு ஆள் வந்துட்டான்."

"சரி, கட்டினீர்கள். உடைத்திருக்கலாமே?"

"மூணு டிராக்டர் ஏத்திப் பாத்தோம் பாபுஜி. உடையல."

சண்முகம் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. உடைந்திருந்தால் அது பழைய பாலம். உறுதியாக நின்றால் அது ஆக்கிரமிப்பு. பொது வடிகாலில் அனுமதியில்லாத தடுப்பு. அதைப் பார்த்த ஓவர்சியர் மேலே தெரிவித்தே தீர வேண்டும்.

"நான் இங்க வரல அண்ணாச்சி. எனக்குக் காலையில இருந்து காய்ச்சல்" என்று சைக்கிளைத் திருப்பினார். போகிறபோது ஒரு தடவை நின்று, குனிந்து, குழாய்க்குள் தண்ணீர் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டார். காய்ச்சல்காரருக்கு அவ்வளவு பொறுப்பு.

அன்று சாயங்காலத்துக்குள் சர்பதியின் நிலம் முழுவதும் விதைத்தாயிற்று.

யார் இடிப்பது?

கோதுமை முழங்கால் உயரம் வந்தபோது ரண்பீரின் புகார் மனு வாய்க்கால் துறையின் செயற்பொறியாளரிடம் போய்ச் சேர்ந்தது. தடுப்பை உடனே அகற்ற வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது.

சர்பதி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஹுக்கம் சிங் உடன் இல்லை. நான் ஊருக்கு அந்நியன், ஆகவே முக்காடும் இல்லை. எருமையும் தேவைப்படவில்லை. அகலமான, வெயில் அடித்த முகம்.

"இடிச்சுடுவாங்களா பாபுஜி?"

"உத்தரவு அப்படித்தான்."

"அறுப்பு வரைக்குமாவது? கதிரைத் தலையில சுமந்து அந்தச் சரிவுல ஏற முடியாது. அங்கேயே கிடந்து கொட்டிப்போகும். 'பாத்தியா, விதைச்சும் பிரயோஜனமில்ல'ன்னு ஜேட்ஜி அவருக்கு எழுதுவாரு." ஜேட் என்றால் கணவரின் அண்ணன்.

"நீ போய்த் தண்ணீர் பாய்ச்சு" என்றேன்.

அன்று பிற்பகல் பதில் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ரசித்து எதையும் எழுதியதில்லை. வாய்க்கால் தங்கள் துறையுடையது, ஆகவே அகற்ற வேண்டியதும் தாங்களே. அவர்கள் பதில்: கட்டியது பஞ்சாயத்து, ஆகவே தாங்களே. என் பதில்: பஞ்சாயத்துக்குக் கட்டும் அதிகாரம் இல்லாததால் அது கட்டியிருக்க முடியாது. பிறகு பாதைத் துறையின் கருத்தை அறியலாமே என்று இருவரும் மரியாதையாக ஒத்துக்கொண்டோம். பாதைத் துறை பதில் எழுதுவதற்குள் கோதுமை கதிர் விட்டது.

எனக்கு நடைமுறை தெரியும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். யார் பக்கம் நின்று அதைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் விஷயம்.

ஆனால் மார்ச் மாதத்தை மறந்துவிட்டேன். நிதியாண்டு முடிவில் எல்லாத் துறைகளுக்கும் செலவழிக்கும் வேகம் பிறக்கும். 'வடிகால்களில் தடுப்புகளை அகற்றுதல்' என்று ஓர் ஒப்பந்தம் விட்டுவிட்டார்கள்.

மேற்கு வானம்

ஏப்ரலில் ஒரு நாள். செயற்பொறியாளரே ஜீப்பில் வந்தார். உயரமான மனிதர், கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் குலையாத சட்டை. கடப்பாரை ஏந்திய ஆட்கள் கருவேல மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டார அலுவலகத்தின் பிரதிநிதியாக நான். காய்ச்சல் குணமான சண்முகம்.

பொறியாளர் எதிர்க்கரையின் செங்கல் சரிவைப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டுநர் யோசிக்காமல் ஜீப்பை அந்தப் பாலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். பார்த்து முடித்துவிட்டு, பாலத்தை ஆராய்ந்தபடி பொறியாளர் நடந்தே திரும்பி வந்தார்.

"ஆரம்பியுங்கள்."

ஆட்கள் எழுந்தார்கள். சண்முகம் தொண்டையைச் செருமினார்.

"சார், ஜீப் அந்தப் பக்கம் இருக்கு."

"அதை வரச் சொல்லு முதலில்."

அதற்குள் எதிர்க்கரையில் ஒரு டிராக்டர் பாலத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. பின்னால் டிரெய்லரில் கோதுமைக் கட்டு ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அதற்குப் பின்னால் மாட்டு வண்டிகள், இன்னொரு டிராக்டர், ஒட்டகம் பூட்டிய வண்டி ஒன்று. ஜீப் எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டிக்கொண்டது. ஊருக்கு வாடகைக் கதிரடிப்பு இயந்திரம் வந்திருந்தது. அன்று சர்பதியின் முறை. விட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். மேற்கே வானம் செம்பழுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. புழுதிப் புயல்.

"நிறுத்து! நிறுத்து!" என்று பொறியாளர் கையைக் காட்டினார்.

டிராக்டர் பாலத்தின் நடுவில் நின்றது. கோதுமைக் கட்டுகளின் உச்சியிலிருந்து, மஞ்சள் முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது, இந்தத் தடவை எருமையிடம் இல்லாமல் நேராகவே.

"சாகிப், இடிக்கணும்னா இடிங்க. நான் பின்னால போயிடறேன். உங்க ஜீப்பும் இந்தப் பக்கமே இருக்கட்டும். மதகு வழியாச் சுத்திப் போகலாம். நாங்க ஒரு வருஷம் போனோம், நல்ல வழிதான்."

எதிர்க்கரையிலிருந்து ஓட்டுநர் கத்தினார்: "அந்த வழியில வேண்டாம் சார்! மண்டலக் கூட்டத்துக்கு நாலு மணிக்குப் போகணும்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஹுக்கம் சிங் முறைத்ததும் சிரிப்பு அடங்கியது. சண்முகம் என் காதருகே, "அண்ணாச்சி, மூச்சு விடாதீய" என்றார்.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். வானத்தைப் பார்த்தார். பிறகு டிரெய்லரின் சக்கரத்தைப் பார்த்தார். பாலத்தின் விளிம்புக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவர் முகம் மாறியது. கோபமில்லை. ஒரு பொறியாளரின் பதற்றம்.

"ஓரத்தில் சுவர்கூட இல்லையே! இதில் எப்படி இத்தனை நாள் ஓட்டினார்கள்? ஒரு சக்கரம் நழுவினால் அந்தப் பெண் கீழே போய்விடுவாள்."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சண்முகம், இருக்கிற ஆட்களை வைத்து நாளைக்கே இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் எழுப்பு."

"எந்தக் கணக்குல எழுதட்டும் சார்?"

"இதோ நிற்கிறாரே, மாதக்கணக்கில் எனக்குக் கடிதம் எழுதியவர், அவரைக் கேள்."

'பராமரிப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் காற்று வந்து வாய் நிறையப் புழுதியை அடைத்தது.

டிராக்டர் அதற்குள் உறுமிக் கிளம்பிவிட்டது. சுவரைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ சர்பதிக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்க அவள் நிற்கவும் இல்லை. கட்டுகளின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைத் தாண்டி ஊரை நோக்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் புழுதிக்கு அந்தப் பக்கம் கதிரடிப்பு இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.